கீறல் விழாத கண்ணாடி

ஐயா,

போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "வேண்டாம், பிளாஸ்டிக்கே போடு" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். "ஏம்மா, நீங்கதான எப்பவும் கண்ணாடி லென்ஸ்தான் ஒசத்தின்னு சொல்வீங்க?" என்று நீ திரும்பக் கேட்டாய். அதற்கு நான் பதில் போடவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, ஜொகூர் பாலத்தின் நெரிசலில் கம்பெனி பஸ்ஸில் அரைத்தூக்கமாக உட்கார்ந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நீ. உனக்கு அது அன்றைக்கே மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை. குரல் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் பேசிவிட்டு அழித்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான், இருந்தாலும் எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபமாக இருக்கிறது. எழுதும்போது எதிரில் யாரும் மூச்சு விடுவதில்லை. நான்கு நாளாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் செய்தி வந்தபோது நான் ஈப்போவில் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண்ணில் புரை எடுத்தது உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போன் செய்து, "எல்லாம் ஓகேவாம்மா?" என்று கேட்டாய், நானும் ஓகே என்றேன். ஒன்று மட்டும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு நான்கு வேளை சொட்டு மருந்து விடச் சொல்லியிருந்தார்கள். உன் அப்பா இருந்திருந்தால் அவர் விட்டிருப்பார். ஆறு வருசமாக அவர் இல்லாத இந்தப் புந்தோங் வீட்டில், கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு நானே விட்டுக்கொண்டேன். பாதிச் சொட்டு கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். கண்ணுக்குள் போனதா இல்லையா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனியாக இருக்கிறவளுக்குப் பழைய விஷயங்கள் எவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

ஆபரேஷன் புண் ஆறிய பிறகு, படிப்பதற்குப் புது மூக்குக்கண்ணாடி போட வேண்டியிருந்தது. கடையில் இருந்த பெண் நம்ம தமிழ்ப் பிள்ளைதான். வழக்கம்போல நான் கண்ணாடி லென்ஸ் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆன்டி, இப்ப யாரும் கண்ணாடி கேக்குறதில்ல லா. ஆர்டர் போட்டு வர வைக்கணும். பிளாஸ்டிக் எடுங்க, மூக்குல இருக்கிறதே தெரியாது. கீறல் விழாம மேல பூச்சு போட்டிருக்கு" என்றாள். "கண்ணாடின்னு பேர வச்சுக்கிட்டு அதுல பிளாஸ்டிக்கா?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில்தான் போன் சத்தம் போட்டது. பேத்தி தர்ஷினிக்கு வருச ஆரம்பத்தில் போட்ட பிளாஸ்டிக் லென்ஸ் மூன்றே மாதத்தில் கீறல் விழுந்துவிட்டது, ஜொகூரில் ஒரு பழைய கடையில் இன்னும் கண்ணாடி லென்ஸ் போட்டுத் தருகிறார்களாம், போட்டுவிடட்டுமா என்று நீ கேட்டிருந்தாய். கூடவே பிள்ளையின் படம். எட்டு வயசு. உன்னைப்போலவே தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். உனக்குப் பதில் போட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம், "எனக்கும் பிளாஸ்டிக்கே போடும்மா" என்றேன். இவ்வளவு நேரம் வழக்காடிய கிழவி ஏன் சட்டென்று மாறினாள் என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

நான் ஏன் கண்ணாடி, கண்ணாடி என்று அடித்துக்கொண்டேன் என்பதை முதலில் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம். எனக்குத் தூரப் பார்வை குறைவு. பக்கத்து டவுனில் மலிவாக ஒரு பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். காட்டில் வேலை செய்கிறவளுக்கு லென்ஸ் துடைக்க மெல்லிய துணியா இருக்கும்? ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கிற சட்டைக் கையால் துடைப்பேன். இரண்டு மாதத்தில் லென்ஸ் முழுக்கக் கீறல். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்தின் முன்னால் குனிந்தால், வெளிச்சம் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறிக் கண்ணைக் கூசும். கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியாது. பட்டையைத் தாண்டி மரத்தையே வெட்டிவிடுவேன். ஒரு நாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், அத்தனை பேருக்கும் முன்னால் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஒனக்கு இருக்கிறது கண்ணா, இல்ல புண்ணா?" என்று கேட்டார். சிரித்தவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஈப்போவுக்கு வந்து கண்ணாடி லென்ஸ் போட்டேன். கனமாக இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து பள்ளம் விழுந்தது. ஆனால் எத்தனை வருசம் சட்டைக் கையால் துடைத்தாலும் ஒரு கோடு விழவில்லை. அன்றையிலிருந்து எனக்கு அது ஒரு பிடிவாதமாகிவிட்டது. பிளாஸ்டிக் என்பது ஏமாற்று, கண்ணாடிதான் அசல். தப்பு என்னவென்றால், எனக்குச் சரியாக இருந்தது எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். வளர்ந்தவள் நின்று நிதானமாகப் போட்டுக்கொள்வதும், பத்து வயசுப் பிள்ளை ஓடி விளையாடும்போது போட்டுக்கொள்வதும் ஒன்றா? இது இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் எனக்கு நேராகவே சொன்னார்.

தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பிய பிறகு பத்து காஜா டவுன் பக்கம் அடுக்கு வீட்டில் குடியிருந்தோம். நீ நான்காம் வகுப்பு. கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார். உன் அப்பா லோரி எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார். நான்தான் உன்னை பஸ்ஸில் ஈப்போவுக்குக் கூட்டிப்போனேன். நான் லென்ஸ் போட்ட அதே கடை. கடை முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே தோட்டத்துப் பக்கமே வளர்ந்தவர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். நீ வாசல் பக்கம் நின்று சாலையில் கார், லோரி என்று போகிற காடிகளை எண்ணிக்கொண்டிருந்தாய். அதனால் நாங்கள் பேசியது உன் காதில் விழவில்லை.

"சின்னப் புள்ள லா, பிளாஸ்டிக் போடு" என்றார்.

"வேணாம் தவுக்கே, கீறிடும். கண்ணாடியே போடுங்க."

"கீறுனா வேற மாத்திக்கலாம். கண்ணாடி ஒடஞ்சா கண்ணுக்குள்ள போவும். கண்ண மாத்த முடியாது. நான் ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் புள்ள அப்படியெல்லாம் ஆட்டம் போடுறவன் இல்ல" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. ஒரு வியாபாரி என்னை ஏமாற்றப் பார்த்தான், நான் ஏமாறவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, "கனமா இருக்கும்மா, கீழ கீழ எறங்குது" என்று நீ எத்தனை தடவை சொன்னாய்! "பழகிடும்" என்று சொல்லி, காதோரம் நூல் கட்டிவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதில் ஒரு பாதி உனக்குத் தெரியும். அடுக்கு வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் நீயும் மேல்வீட்டுக் கணேசனும் பேட்மிண்டன் ஆடுவீர்கள். கணேசன் உன்னைவிட ஒரு வயசு மூத்தவன். பாதி நாள் நம் வீட்டில்தான் சாப்பிடுவான். "சின்னம்மா, ரசம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான். அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பக்கமாக நின்று பெரிய பையன்களோடு ஆடினீர்கள். இறகுப்பந்து உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உயரமாக வந்தது. அவன் பின்னாலிருந்து அடிக்க ஓங்கினான், நீ முன்னாலிருந்து திரும்பினாய். ராக்கெட் உன் முகத்தில் பட்டது. நான் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உன் சத்தம் கேட்கவில்லை. கணேசன் "சின்னம்மா!" என்று கத்தியதுதான் கேட்டது.

உனக்குத் தெரியாத பாதி ஆஸ்பத்திரியில் நடந்தது. உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, கண் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலாய்க்காரர், என் வயசுதான் இருக்கும். ராக்கெட் கண்ணைத் தொடவே இல்லை, உடைந்த லென்ஸ்தான் உள்ளே கிழித்திருக்கிறது என்றார். பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் புருவம் வீங்கியதோடு போயிருக்கும் என்றார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கண்ணாடி லென்ஸ் போடச் சொன்னது யார் என்று கேட்டார். அவர் திட்டவில்லை, சும்மா கேட்டார். நான், "கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார்" என்று சொன்னேன். அது முதல் பொய்.

வெளியே வந்தேன். நடைபாதையில் கணேசனை இழுத்துக்கொண்டு அவன் அப்பா நின்றார். பிள்ளையின் சட்டையில் உன் ரத்தம். அவன் முகத்தைப் பார்த்த நொடியில், என் நெஞ்சில் இருந்த பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததுபோல இருந்தது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. "ஓம் மகன் எம்புள்ள கண்ணக் குத்திட்டானே! ஓங்க வீட்டுச் சோறும் எங்க வீட்டுச் சோறும் தின்னுட்டு இப்படிப் பண்ணிட்டானே!" என்று ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினேன். அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். எத்தனை பேர் தடுக்க வந்தும் விடவில்லை. கணேசன் ஓடவுமில்லை, அழவுமில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்று அடி வாங்கினான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீ வீடு வந்த பிறகு தினமும் சாயங்காலம் கணேசன் நம் கதவுக்கு வெளியே வந்து நிற்பான். கூப்பிட மாட்டான். நான் திறக்க மாட்டேன். நீ உள்ளேயிருந்து, "யாரும்மா?" என்று கேட்பாய். "யாருமில்ல" என்பேன். ஒரு நாள் அவன் வரவில்லை. அந்த மாதமே அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். உன் இடது கண்ணில் நிழல் அசைவது மட்டும்தான் தெரியும் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பிறகு நீ வளர்ந்து, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டு, கண் பரிசோதனையில் தள்ளப்பட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அந்த கணேசன் மட்டும் கையில கெடச்சான்னா…" என்று சொன்னாய். நான் உனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து ஊற்றினேன். உன் அப்பா சாகிற வரைக்கும் அவரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி லென்ஸ்தான் ஒசத்தி என்று சொல்வதையும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயம். நீ யார்மேலும் சுலபத்தில் நம்பிக்கை வைக்காத மனிதனாக வளர்ந்தாய். நண்பன் என்று ஒருவனை நீ வீட்டுக்குக் கூட்டிவந்து நான் பார்த்ததே இல்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் செய்தி வந்த மறுநாள் பத்து காஜா பாசாருக்குப் போனேன். கணேசனின் அக்கா அங்கே பூ விற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்டதும் கட்டிக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்தாள். "இப்ப எதுக்கு?" என்றாள். "ஒரு விஷயம் சொல்லணும். தப்பா ஒண்ணுமில்ல" என்றேன். தஞ்சோங் மாலிமில் காடி பேக்டரியில் வேலை செய்கிறானாம். அவனுக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் விவரம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான்.

ரயிலில் தனியாகப் போனேன். ஸ்டேஷனுக்கு அவனே வந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. "வாங்க" என்றான், அவ்வளவுதான். சின்னம்மா என்று கூப்பிடவில்லை. காடியில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "அவன் கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"வலது கண்ணு நல்லா இருக்குய்யா. எடது கண்ணு அப்படியேதான்."

நேராக அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். மனைவியும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவனே தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். நான் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தவுக்கே சொன்னது, நான் மறுத்தது, டாக்டரம்மா சொன்னது, நான் சொன்ன பொய். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அந்த டாக்டரு ஒங்ககிட்ட சொன்னது, எங்கப்பா என்னை அடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "முன்னாடி" என்றேன்.

அவன் எழுந்து பின்பக்கம் போனான். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் ஈரம். "எங்கப்பா செத்து நாலு வருசம் ஆவுது" என்றான். "எங்க போனாலும் சொல்வாரு, இவன் ஒரு புள்ள கண்ணக் கெடுத்தவன்னு. என் கல்யாணப் பேச்சுலகூட பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட சொன்னாரு. எம்புள்ளைங்க ராக்கெட் கேக்குதுங்க, நான் இன்னி வரைக்கும் வாங்கித் தந்ததில்ல. அவரு இருக்கிறப்பவே நீங்க வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்" என்று அவனும் சொன்னான்.

நான் அழுதேன். அழாதீர்கள் என்று அவன் சொல்லவில்லை. தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி, "குடிங்க, ஆறிப்போச்சு" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டவன் போய்விடுவான் என்று நினைத்தேன். ரயில் வரும்வரை தூணில் சாய்ந்து நின்றான்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்."

திரும்பி வரும்போது ரயிலில் எனக்குப் பக்கத்து சீட் காலி. ஈப்போ வரைக்கும் யாரும் வந்து உட்காரவில்லை. இத்தனை வருசம் இந்தப் பொய்தான் எனக்குத் துணையாக இருந்திருக்கிறது, ஐயா. யாரோடும் நெருங்கிப் பழகாமல் அதைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தவுக்கேயிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால், அவர் இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள்.

தர்ஷினிக்குப் பிளாஸ்டிக்தான் போட வேண்டும். பிள்ளைகளுக்கென்று அடிபட்டாலும் சில்லாக உடையாத வகை இருக்கிறது என்று எனக்கு மூக்குக்கண்ணாடி போட்ட கடைப் பெண் சொன்னாள், அதையே கேட்டு வாங்கு. தண்ணீரில் நனைத்துத் துடைக்கப் பழக்கு. காய்ந்த துணியால் தேய்க்கும்போதுதான் அதிகம் கீறுகிறதாம். அப்படியும் கீறும், எட்டு வயசுப் பிள்ளை கையில் கீறாமல் இருக்குமா? கீறினால் திட்டாதே. மாற்றிக் கொடு, மறுபடி கீறினால் மறுபடி மாற்றிக் கொடு. ஓடி ஆடவும் விடு. உன் கண்ணுக்குப் பிறகு உன்னை நான் எதற்கும் வெளியே விடவில்லை. அதுவும் நான் செய்த தப்புதான்.

கடிதத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது கணேசனின் நம்பர். ரயில் ஏறும்போது அவனாகச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னான். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம் என்றான். இதைப் படித்து முடித்ததும் உனக்கு என்மேல் வருகிற கோபம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ எப்போது போன் செய்வாய் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான், இருந்தாலும் சொல்கிறேன். என்னைக் கூப்பிடாதே. முதலில் அவனைக் கூப்பிடு. இரண்டு பேரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், என்னைத் திட்டித்தான் பேச வேண்டும் என்றால் அப்படியே பேசுங்கள். அதற்குப் பிறகும் உனக்கு மனசு வந்தால் என்னைக் கூப்பிடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா